மண்ணுக்குள் உறங்கும் காடு

யோக சூத்திரத்தின் இறுதிப் பகுதியாகிய கைவல்ய பாதத்தில் பதஞ்சலி முனிவர் ஓர் உழவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். சித்தம், சமாதி, சம்ஸ்காரம் என்று நுண்பொருள்களையே பேசிவரும் நூலில் மண்வெட்டியோடு ஒருவன் வந்து நிற்பது சற்று வியப்பாகவே இருக்கும். அவன் செய்யும் வேலையும் பெரிதன்று. வாய்க்காலில் நீர் நிறைந்து நிற்கிறது. பக்கத்து வயலோ காய்ந்து கிடக்கிறது. உழவன் நீரைச் சுமந்துகொண்டு போய் வயலில் ஊற்றுவதில்லை, தள்ளிவிடுவதுமில்லை. இடையில் நிற்கும் மண் அணையை வெட்டிவிடுகிறான். நீர் தன் இயல்பினாலேயே வயலுக்குள் பாய்கிறது.

ஒரு பிறவி மற்றொரு பிறவியாக மாறுவதற்கு இயற்கையின் ஆற்றல் நிறைந்து பாய்வதே காரணம் என்று சொல்லவந்த இடத்தில் முனிவர் கூறும் உவமை இது. 1896-இல் வெளிவந்த ராஜயோக நூலில் சுவாமி விவேகானந்தர் இந்தச் சூத்திரத்தைச் சிறப்பாக எடுத்து விளக்கினார். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் பூரணத்துவம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. நற்செயல்களும் சாதனைகளும் அதைப் புதிதாக உண்டாக்குவதில்லை, தடைகளை மட்டுமே அகற்றுகின்றன என்பது சுவாமிஜி கண்ட பொருள். கல்வியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் அவர் கூறியவை பெரும்பாலும் இந்த ஒரு வித்திலிருந்தே கிளைத்தவை.

முனிவரின் உவமை வெறும் உவமையாக நின்றுவிடாமல், மெய்யான உழவர்களின் மெய்யான வயல்களில் நிகழ்ந்த வரலாறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்த இடம் பாரத நாடன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குப் பகுதியில், சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பில் இருக்கும் நைஜர் என்னும் ஏழை நாடு.

நைஜரின் தென்பகுதியில் மராதி என்றொரு வட்டாரம். கம்பும் சோளமும் தட்டைப்பயறும் விளையும் மணல் நிலம். மழை ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே, அதுவும் நிச்சயமில்லை. 1970-களிலும் 1980-களிலும் அந்த நாடு கொடிய வறட்சிகளைக் கண்டது. மரங்களோ முன்னரே பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டன. நவீன வேளாண்மை என்றால் வயலில் ஒரு புதரும் இல்லாமல் துடைத்துவைப்பதே என்று உழவர்களுக்கு நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டிருந்தது. மரம் போனதும் காற்றுக்குத் தடை போயிற்று. விதைப்புக் காலத்தில் வீசும் மணற்காற்று முளைத்துவரும் கம்புப் பயிரை அறுத்தது, அல்லது மூடிப் புதைத்தது. ஓர் உழவன் ஒரே பருவத்தில் இரண்டு முறை, மூன்று முறை விதைக்க வேண்டியதாயிற்று. வீட்டில் உணவுக்கென வைத்திருந்த தானியத்தையே எடுத்து மீண்டும் விதைப்பதென்றால் என்ன பொருள் என்பதை, ஒரு காலத்தில் விதைநெல்லைக் குற்றிச் சமைத்த குடும்பங்கள் அறியும்.

அங்கே தொண்டாற்ற வந்திருந்தார் டோனி ரினாடோ என்னும் ஆஸ்திரேலியர். கிறிஸ்தவ சமயத் தொண்டர், வேளாண்மை கற்றவர். மரம் நடும் திட்டம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. நாற்றங்காலில் கன்றுகளை வளர்த்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் நட்டார்கள். நட்டவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. வெயில் கொன்றது, ஆடு தின்றது, மணல் மூடியது. மக்களுக்கும் அதில் ஆர்வமில்லை. பசித்தவனிடம் கன்றைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்று என்றால் அவன் எப்படி ஊற்றுவான்?

1983-ஆம் ஆண்டு ஒருநாள் கன்றுகளை ஏற்றிய வண்டியோடு அவர் மணல் வழியில் போய்க்கொண்டிருந்தார். சக்கரம் மணலில் புதையாமலிருக்கக் காற்றைச் சற்றுக் குறைப்பதற்காக இறங்கினார். எந்தத் திசையில் பார்த்தாலும் வெற்று நிலம். இத்தனை ஆண்டு உழைப்பும் வீண்தானோ என்ற சோர்வில், வழி காட்டும்படி இறைவனை வேண்டிக்கொண்டார். அப்போது அருகிலிருந்த சிறு புதர் ஒன்று கண்ணில் பட்டது. நாள்தோறும் பார்த்த புதர்தான். அன்று குனிந்து அதன் இலையைப் பார்த்தார். அது புதரன்று, வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து எழுந்த துளிர். மேலே மரம் போயிருந்தாலும் கீழே வேர் சாகவில்லை. மழைதோறும் அது துளிர்விட்டது. உழவன் ஒவ்வோர் ஆண்டும் அதை வெட்டி எரித்துவிட்டு விதைத்தான். வெற்று நிலம் என்று அவர் எண்ணிய அந்தச் சமவெளி முழுவதிலும் மண்ணுக்குள் ஒரு காடு உயிரோடு படுத்திருந்தது.

ஆகவே நட வேண்டியதில்லை, நீர் ஊற்ற வேண்டியதில்லை. வெட்டுவதை நிறுத்தினால் போதும். அணையை வெட்டிய உழவன் செய்ததும் இதுதானே!

முறை மிக எளிது. ஒரு கட்டையிலிருந்து பத்து இருபது துளிர்கள் எழுந்தால், அவற்றுள் நேராகவும் வலுவாகவும் உள்ள சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை அறுத்துவிட வேண்டும். வைத்தவற்றில் பக்கக் கிளைகளைப் பாதி உயரம் வரை கழிக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து பார்த்து மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். ஆழத்தில் பரந்த வேர் ஏற்கெனவே இருப்பதால் துளிர் விரைந்து வளர்கிறது. நாற்றங்கால் கன்றுக்கு அந்த வேர் கிடையாது. அறுத்த குச்சி முதலாண்டிலேயே அடுப்புக்கு ஆகும்.

முறைதான் எளிதே தவிர, மனிதர் மனம் எளிதாக இல்லை. முதலில் இணங்கியவர்கள் ஏறத்தாழ பத்துப் பேர். அண்டை வயல்காரர்கள் நகைத்தார்கள். வளர்ந்த கொம்புகளை இரவில் யாரோ வெட்டிக்கொண்டு போனார்கள். 1984-இல் பஞ்சம் வந்தபோது, வேலைக்கு உணவு வழங்கும் திட்டத்தின்கீழ் மரத் துளிர்களைக் காப்பதும் ஒரு வேலையாகச் சேர்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் காத்தனர். பஞ்சம் தீர்ந்து உணவு வழங்கல் நின்றதும், அந்த மரங்களில் பெரும்பகுதியை அவர்களே வெட்டிவிட்டனர். தோல்வி என்றே அன்று தோன்றியிருக்கும். ஆனால் வெட்டாமல் விட்டவர்களின் வயலில் பயிர் நின்றது. ஒருமுறை விதைத்தால் போதும் என்றாயிற்று. பக்கத்து வயல்காரன் அதைப் பார்த்தான். பார்த்ததை அவன் மைத்துனனுக்குச் சொன்னான். பிரசாரத்தால் நடவாதது இப்படி நடந்தது.

இடையில் சட்டமும் ஒரு தடையாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஏற்பட்ட விதிப்படி வயலில் நிற்கும் மரம் உழவனுக்கு உரியதன்று, அரசுக்கு உரியது. தன் நிலத்தில் வளர்ந்த மரத்தின் கிளையை வெட்டினால் தண்டம் கட்ட வேண்டும். அப்படியானால் அதை அவன் ஏன் வளர்க்கப் போகிறான்? முளையிலேயே கிள்ளிவிடுவது அவனுக்குப் பாதுகாப்பு. வனத்துறையினர் இந்த விதியைக் கடுமையாகச் செலுத்தாமல் விட்டதும், பின்னர் சட்டம் மெல்ல மாறியதும் பெரிய துணையாயின. நம் நாட்டிலும் சொந்த நிலத்து மரத்தை வெட்ட அலுவலகம் அலுவலகமாக அலைந்த உழவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடக்கூடும்.

இருபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, நைஜரில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரங்கள் மீண்டு நின்றன. மரங்களின் எண்ணிக்கை சுமார் 20 கோடி என மதிப்பிடப்பட்டது. பெரும் பொருட்செலவோ பெரும் திட்டமோ இதற்குக் காரணமில்லை. 2018-இல் ரினாடோவுக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது அளிக்கப்பட்டது. இந்த வேலையைச் செய்த லட்சக்கணக்கான உழவர்களுக்குப் பெயரில்லை. கர்மயோகிகளின் பெயர்கள் பெரும்பாலும் அப்படித்தான் மறைந்துபோகின்றன.

நைஜர் உழவன் பேணும் மரங்களுள் ‘காவோ’ என்று அவர்கள் அழைக்கும் வேல இனத்து மரம் ஒன்று உண்டு. அதன் சுபாவம் விசித்திரமானது. மழைக்காலம் தொடங்கி எல்லா மரங்களும் தழைக்கும் நேரத்தில் அது இலையுதிர்த்து நிற்கும். கோடையில், எல்லாம் காய்ந்து கிடக்கையில் தழைக்கும். அதனால் அடியில் வளரும் கம்புக்கு அது நிழல் கட்டுவதில்லை. உதிர்ந்த இலை பயிருக்கு உரமாகிறது. கோடையில் மாடுகள் அதன் நிழலில் படுத்து, அதன் காயைத் தின்று, சாணமிட்டு அதே மண்ணை வளப்படுத்துகின்றன. பிறர்க்குத் தேவையான காலத்தில் ஒதுங்கி நின்று, பிறர் கைவிட்ட காலத்தில் முன்வந்து நிற்பது! சாதுக்களின் இலக்கணத்தை எழுத முயன்றால் இதைவிட என்ன எழுதிவிட முடியும்?

இதே இலக்கணமுடைய மரம் ஒன்று பாரதத்திலும் உண்டு. அதன் பெயர் தமிழர்க்குப் புதிதன்று. விருத்தாசலம் முதலிய தலங்களில் தலவிருட்சமாக விளங்கும் வன்னிதான் அது. வடமொழியில் சமீ, ராஜஸ்தானத்தில் கேஜ்ரி. அஞ்ஞாத வாசத்திற்குமுன் பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்த மரம். விஜயதசமியன்று வலம் வந்து வணங்கப்படும் மரம். வைதிக வேள்விக்குரிய தீயைக் கடையும் அரணிக்கட்டையை, வன்னியின்மேல் முளைத்து வளர்ந்த அரசிலிருந்து எடுப்பது மரபு. வன்னிக்குள் அக்கினி மறைந்திருக்கிறான் என்று முன்னோர் கருதினர். சுவேதாசுவதர உபநிடதம் இதே அரணியைக் கொண்டுதான், உடலைக் கீழ்க்கட்டையாகவும் பிரணவத்தை மேற்கட்டையாகவும் வைத்துத் தியானமாகிய கடைதலால் உள்ளே மறைந்துள்ள இறைவனைக் காணச் சொல்கிறது. அங்கே வேர், இங்கே தீ. இரண்டும் முன்பே உள்ளவை, மறைந்திருப்பவை.

மேற்கு ராஜஸ்தானத்து உழவன் உபநிடதம் படித்தவனல்லன். ஆனாலும் தார்ப் பாலையில் கம்பும் பயறும் விதைக்கும் தன் வயலில் வன்னியை அவன் வெட்டாமல் காத்துவந்தான். அதன் ஆணிவேர் மிக ஆழமாக இறங்கும். 30 மீட்டருக்கு மேலும் சென்றதைக் கண்டிருக்கிறார்கள். எனவே மேல்மண்ணின் ஈரத்திற்காகப் பயிரோடு அது போட்டியிடுவது குறைவு. அவரை இனத்தைச் சார்ந்ததாதலால் வேரில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. பனிக்காலத்தில் கழிக்கப்படும் இலை ‘லூங்’ என்னும் தீவனமாக ஆட்டுக்கும் ஒட்டகத்திற்கும் ஆகிறது. இளங்காய் ‘சாங்ரி’, அதை உலர்த்தி ஆண்டு முழுவதும் கறி சமைக்கிறார்கள். வன்னியின் கீழ்ப் பயிர் வெட்டவெளிப் பயிரைவிடச் செழிப்பதை உழவன் கண்ணால் கண்டான். பிற்காலத்தில் ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனத்தார் அளந்து கண்டார்கள். 1868–69-இல் ராஜபுதனத்தில் பெரும் பஞ்சம் வந்தபோது மக்கள் வன்னியின் பட்டையை இடித்து மாவாக்கி அடை தட்டித் தின்று உயிர் பிழைத்தனர். ஓர் ஆடும் ஓர் ஒட்டகமும் ஒரு வன்னியும் உள்ளவனைப் பஞ்சத்திலும் காலன் அணுகான் என்ற பொருளில் அந்நாட்டில் ஒரு சொலவடை வழங்குகிறது.

மழை பொய்த்தாலும் ஒன்று கைவிடாமல் நிற்க வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். வானிலை மாறிவரும் இக்காலத்தில், வேளாண் காடு வளர்ப்பு என்ற பெயரால் உலகத்தார் இதையே மீண்டும் கண்டறிந்திருக்கிறார்கள். பயிரோடு மரத்தையும் சேர்த்து வளர்க்கும் நிலத்தில் காற்றின் வேகம் தணிகிறது. வெயில் நேரே மண்ணைச் சுடுவதில்லை. பெருமழை மண்ணை அடித்துச் செல்வதில்லை. பயிர் போன ஆண்டிலும் விறகோ பழமோ தழையோ ஏதேனும் ஒன்று வீட்டுக்கு வருகிறது. 2014-இல் பாரத அரசு இதற்கென ஒரு தேசியக் கொள்கையை வகுத்தது; இத்தகைய கொள்கையை வகுத்த முதல் நாடும் பாரதமே. அதற்கு முன்பே, காந்தியடிகளின் சீடரான மணிபாய் தேசாய் தொடங்கிய நிறுவனம் 1980-களில் தென் குஜராத்தின் வான்ஸ்டா பகுதிப் பழங்குடியினரிடையே ‘வாடி’ முறையைக் கொண்டுவந்தது. ஒரு குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் அளவில் மாவும் முந்திரியும், இடையில் தானியமும், சுற்றிலும் வேலி மரமும் என்பது அதன் அமைப்பு.

ஆனால் இவ்வளவையும் சொல்லிவிட்டு, ‘ஆகவே மரம் வளருங்கள்’ என்று முடிப்பது எளிது. அந்த எளிமையில் ஒரு குற்றமும் உண்டு. 2015–16 கணக்கெடுப்பின்படி நம் நாட்டின் வேளாண் உடைமைகளில் 100-க்கு 86 இரண்டு ஹெக்டேருக்கும் குறைந்தவை. அரை ஏக்கர் நிலத்தில் நான்கு வயிறுகளை வைத்திருப்பவனுக்கு ஒரு மரத்தின் நிழல் என்பது ஒரு மரக்கால் தானியத்தின் இழப்பு. மா காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை கடன்காரன் காத்திருப்பானா? குத்தகை நிலமாயின், மரம் வளர்ந்ததும் நிலக்காரன் திரும்பக் கேட்பான். பெண்களோ பல இடங்களில் மரத்திற்கு நீர் சுமக்கிறார்கள். பட்டா அவர்கள் பெயரில் இல்லை. பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்ற கீதையின் உபதேசத்தை, பலனை என்றுமே கண்டிராதவனிடம் போய்ச் சொல்வது தர்மமாகாது. பசித்த வயிற்றுக்குச் சமயம் பேசுவது அவமதிப்பு என்று சுவாமிஜி மனம் நொந்து சொன்னது இத்தகைய இடத்தில்தான் பொருந்தும்.

கீதையின் மூன்றாம் அத்தியாயம் வேள்விச் சக்கரம் ஒன்றைக் காட்டுகிறது. உயிர்கள் அன்னத்தால் வாழ்கின்றன, அன்னம் மழையால், மழை வேள்வியால், வேள்வி செயலால். இந்தச் சுழற்சியில் பெற்றதைத் திருப்பித் தராமல் தானே உண்பவனைக் கள்வன் என்றே பகவான் கடிந்துரைக்கிறார். இன்று அந்தக் கள்வன் யார்? புவியின் வெப்பத்தை ஏற்றிய புகை மராதி உழவனின் அடுப்பிலிருந்து எழுந்ததன்று. தார்ப் பாலையின் ஒட்டக வண்டியிலிருந்தும் எழுந்ததன்று. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செழித்த நாடுகளும், எல்லா நாடுகளிலும் உள்ள செழித்த மனிதர்களும் எடுத்துக்கொண்டார்கள். மழை தவறுவதோ அவனுக்கு. எனவே சிற்றுழவன் தன் வயலில் ஒரு மரத்தை விட்டுவைக்கும்போது தனக்குரிய பங்கைவிட அதிகமாகவே வேள்வியில் இடுகிறான். அந்த மரம் வளரும் ஆண்டுகளில் அவன் குடும்பம் உண்ணும்படி பார்ப்பது ஏனையோரின் பங்கு. அது தானமன்று; திருப்பிச் செலுத்துதல்.

தட்சிணேசுவரத்துப் பஞ்சவடியில் குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர் தியானத்திற்காகக் கன்றுகள் நட்டபோது, ஆடுமாடுகள் வந்து மேய்ந்தன. வேலி கட்ட அவரிடம் எதுவுமில்லை. அப்போது கங்கையில் நீர் ஏறிவந்து, வேலிக்கு வேண்டிய கம்புகளையும் கயிற்றையும் ஒரு கத்தியையும் கரையில் ஒதுக்கிற்று, தோட்டக்காரர் பர்தாபாரி ஆனந்தத்தோடு ஓடிவந்து சொன்னார், வேலி எழுந்தது. இளஞ்செடிக்கு வேலி வேண்டும், வளர்ந்த மரத்தில் யானையையே கட்டலாம் என்று சாதகர்களுக்கு அவர் பின்னாளில் எடுத்துக்காட்டியதும் இதுபோன்ற உவமையே. ஏழையின் செடிக்கு வேலி எங்கிருந்து வரும்? எப்போதும் கங்கை கொண்டுவந்து ஒதுக்கிக்கொண்டிருக்க முடியாது. கன்றும் கடனும், உரிமைப் பத்திரமும், ஆடு மேய்ப்பவரோடு ஊர்கூடிச் செய்துகொள்ளும் உடன்பாடும், விளைந்ததை விற்க ஒரு சந்தையும்தான் அந்த வேலி.

வன்னிக்கும் இன்று வேலி தேவைப்படுகிறது. 1730-ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னர் அபய சிங்கின் கட்டடப் பணிக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டுமென்று, கேஜர்லி என்னும் சிற்றூருக்கு ஆட்கள் வந்தனர். ஊரார் ஜாம்போஜி முனிவரின் வழிவந்த பிஷ்னோய் மக்கள். 1485-இல் அவர் வகுத்த இருபத்தொன்பது நெறிகளில் பச்சை மரத்தை வெட்டாமையும் ஒன்று. அமிர்தாதேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவி நின்றார், வெட்டுண்டார். அவருடைய மூன்று புதல்வியரும் அவ்வாறே நின்றனர். பின்பு சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து வந்து தழுவ, மொத்தம் 363 பேர் உயிர் நீத்தனர். மன்னர் செய்தி அறிந்து வருந்தி, பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டுவதைத் தடை செய்தார். ஆண்டுதோறும் பாத்ரபத மாத வளர்பிறைத் தசமியில் இன்றும் அங்கே மக்கள் கூடுகிறார்கள்.

அந்த மரத்தை இப்போது கோடரி மட்டுமா வெட்டுகிறது? எருது ஏர் பூட்டிய காலத்தில் உழவன் இளங்கன்றைக் கண்டால் ஏரைச் சற்று விலக்கி ஓட்டினான். டிராக்டரின் கொழு கண்ணில்லாமல் வாரிக்கொண்டு போகிறது. ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. தீவனத்தின் விலை ஏறியதால் ஓய்வு தராமல் ஆண்டுதோறும் முழுவதுமாகக் கழிக்கிறார்கள். அப்படி நலிந்த மரத்தின் வேரை வண்டும் பூஞ்சையும் தாக்குகின்றன. அண்மை ஆண்டுகளில் சூரிய மின் நிலையங்களுக்காகவும் வன்னிகள் வெட்டப்பட, பீகானேர் வட்டாரத்து மக்கள் போராட்டத்தில் இறங்கினர். புவி வெப்பத்தைத் தணிக்கும் வேலைக்காக, வெப்பத்தைத் தாங்கும் மரமே பலியாவது எவ்வளவு விசித்திரம்!

மராதியிலும் பாலையிலும் வேலை ஏறக்குறைய ஒன்றே. ஆனி, ஆடியில் முதல் மழை விழுந்ததும் மேற்கு ராஜஸ்தானத்தில் உழவு தொடங்கும். சென்ற ஆண்டு உதிர்ந்த விதையிலிருந்தோ பழைய வேரிலிருந்தோ ஒரு சாண் உயரத்தில் முள்ளோடு ஒரு வன்னிக் கன்று நிற்கும். களையா கன்றா என்று தெரியாதபடி இருக்கும். அதனருகே ஒரு குச்சியை நட்டு, அதில் ஒரு துணியைக் கட்டிவிட்டால், டிராக்டர் ஓட்டி வருபவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் கொழு ஒரு முழம் விலகிப் போகும்.